காசோலையின் முதுகில் கையெழுத்து: எப்போது போடலாம், எப்போது கூடாது?

2025 நவம்பர் 3, காலை 9.40 | பாம்பன் வாசகர்

நண்டு கம்பெனி கொடுத்த செக், 38,400 ரூபாய். வீட்டுக்காரம்மா பெயரில் எழுதியிருக்கிறது. இடது மூலையில் இரண்டு சாய்ந்த கோடு, நடுவே 'ஏ/சி பேயி'. ஐஸ் கம்பெனிக்காரர், 'பின்னால ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, என் கணக்குல போட்டு ரொக்கமாத் தந்துடுறேன்' என்கிறார். பின்னால் கையெழுத்துப் போட்டால் செக்கை யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதுதானே சட்டம்?

2025 நவம்பர் 3, காலை 11.15 | மண்டபத்தார்

இல்லை. இந்த செக்கில் முடியாது. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் 'ஏ/சி பேயி' என்ற சொல்தான் காரணம். யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் கணக்கில் மட்டுமே வரவு வைக்க வேண்டும் என்று பணம் வசூலிக்கும் வங்கிக்கு அது கட்டளை. வேறு ஒருவர் கணக்கில் போட ரிசர்வ் வங்கி தடை விதித்திருக்கிறது. பின்னால் எத்தனை கையெழுத்து இருந்தாலும் ஐஸ் கம்பெனிக்காரரின் வங்கி அதை வாங்கக் கூடாது. தவறி வாங்கிவிட்டால் பொறுப்பு அந்த வங்கியின் தலையில்.

எனவே அம்மா பெயரில் உள்ள கணக்கிலேயே போடுங்கள். கணக்கு எந்தக் கிளையில் இருந்தாலும் அதே வங்கியின் எந்தக் கிளையிலும் போடலாம். அவர் நேரில் போக வேண்டியதும் இல்லை. செலானை நிரப்பி நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

2025 நவம்பர் 3, பகல் 12.05 | மண்டபத்தார்

மேலே எழுதியது அந்த ஒரு செக்குக்கு மட்டும். எல்லா செக்கும் அப்படி அல்ல என்பதால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

கோடே இல்லாமல், பெயருக்குப் பின் 'அல்லது கொணர்பவர்' என்று அச்சிட்டிருந்தால் அது பேரர் செக். கையில் வைத்திருப்பவருக்கு, செக் எழுதியவரின் வங்கிக் கவுண்டரில் ரொக்கம் கிடைக்கும். அங்கே பின்புறம் கையெழுத்து வாங்குவது பணம் பெற்றதற்கு அத்தாட்சியாக. அது மேலெழுத்து, அதாவது செக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கப் பின்னால் எழுதிக் கையெழுத்திடுவது, ஆகாது. இந்த வகை செக் தொலைந்தால் கீழே கிடந்த ரூபாய் நோட்டுக்குச் சமம்.

'கொணர்பவர்' என்ற சொல்லை அடித்துவிட்டால் ஆர்டர் செக். பெயருள்ளவர் அல்லது அவர் எழுதிக் கொடுத்தவர் மட்டுமே வாங்க முடியும். மேலெழுத்துக்கு உண்மையான வேலை இங்கேதான்.

வெறும் இரண்டு கோடு, நடுவில் ஒன்றும் இல்லை என்றால் ரொக்கமாகக் கிடைக்காது, ஏதாவது ஒரு கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் இன்னொருவருக்கு மேலெழுதிக் கொடுக்கச் சட்டத்தில் தடை இல்லை. கோடுகளுக்கு நடுவே ஒரு வங்கியின் பெயர் எழுதியிருந்தால் அந்த வங்கி மூலமாக மட்டுமே வசூலிக்க முடியும்.

இதற்கெல்லாம் அடிப்படை 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். பழைய சட்டம்தான், இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

2025 நவம்பர் 3, மாலை 6.30 | கீழக்கரை வாசகர்

ஏ/சி பேயி செக்கைச் சொந்தக் கணக்கில் போடும்போதும் பின்னால் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களே, அது எதற்கு?

2025 நவம்பர் 3, இரவு 8.50 | மண்டபத்தார்

சட்டப்படி தேவையில்லை. வழக்கத்தில் கேட்கிறார்கள். பின்புறம் கட்டாயம் இருக்க வேண்டியவை கணக்கு எண், கணக்கில் உள்ளபடி பெயர், கைபேசி எண். செலானும் செக்கும் பிரிந்துபோனால் இந்த மூன்றை வைத்துத்தான் செக் யாருடையது என்று கண்டுபிடிப்பார்கள். கையெழுத்தையும் கேட்டால் போடலாம், ஆனால் தனியாக விடாதீர்கள். முதலில் 'என் கணக்கில் வரவு வைப்பதற்கு மட்டும்' என்று எழுதி, அதன் கீழ் கணக்கு எண், அதற்கும் கீழ் கையெழுத்து. இந்த வரிசையில் இருந்தால் அந்தக் கையெழுத்தை வேறெதற்கும் பயன்படுத்த வழியில்லை.

ஆர்டர் செக்கின் பின்னால் வெறும் கையெழுத்தைப் போட்டுக் கையில் வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. அந்த நிமிடமே அது கையில் வைத்திருப்பவருக்கு உரியதாகிவிடும். பேருந்தில் தவறினாலும், வலைக்கொட்டகையில் விட்டுவிட்டாலும், எடுத்தவர் அதைக் கைமாற்றிவிடலாம். கையெழுத்தைக் கவுண்டருக்கு முன் நின்று போடுங்கள். வீட்டிலேயே போட்டுக் கொண்டுவராதீர்கள்.

2025 நவம்பர் 4, காலை 7.20 | மண்டபத்தார்

நேற்று முதல் பதிவில் 'முடியாது' என்று ஒரேயடியாக எழுதியது முழுச் சரியல்ல. ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இந்தக் கரையோரத்துக்கு அது முக்கியம். செக்கில் பெயர் உள்ளவர் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உறுப்பினராக இருந்து, அந்தச் சங்கம் வங்கியில் கணக்கு வைத்திருந்தால், 50,000 ரூபாய்க்கு மேற்படாத ஏ/சி பேயி செக்கைச் சங்கத்தின் கணக்கில் வசூலித்து உறுப்பினருக்குக் கொடுக்க வங்கி இசையலாம். சங்கம் இதற்கு எழுத்துமூலம் உறுதி கொடுக்க வேண்டும். பாம்பன் வாசகரின் 38,400 இந்த வரம்புக்குள் வருகிறது. சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள். வங்கி இசைந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

2025 நவம்பர் 4, காலை 10.10 | தொண்டி வாசகர்

கம்பெனிகள் ஏன் எப்போதும் ஏ/சி பேயி என்றே எழுதுகின்றன? வெறும் கோடு போட்டுக் கொடுத்தால் எல்லோருக்கும் வசதிதானே?

2025 நவம்பர் 4, காலை 10.55 | மண்டபத்தார்

வருமான வரி. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகவோ வெறும் கோடிட்ட செக்காகவோ கொடுத்தால், அதைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. மீனைப் பிடித்தவரிடமே நேரடியாக வாங்கும்போது இதற்கு விலக்கு உண்டு. இடையில் நிற்கும் வியாபாரியிடம் வாங்கும்போது இல்லை. எது எது என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்ப்பதைவிட எல்லாவற்றுக்கும் ஏ/சி பேயி முத்திரை குத்துவது அவர்களுக்கு எளிது.

வாங்குபவருக்கும் அதுதான் நல்லது. தொலைந்தாலும் பணம் வேறு கணக்குக்குப் போகாது.

2025 நவம்பர் 4, இரவு 9.30 | மண்டபத்தார்

இப்போது உண்மையான மேலெழுத்து. ஏ/சி பேயி இல்லாத ஆர்டர் செக்கை இன்னொருவருக்கு மாற்றும் முறை இது.

செக்கைத் திருப்பி, பின்பக்கத்தின் மேல்பகுதியில், 'இன்னாருக்கு அல்லது அவர் ஆணைப்படி செலுத்தவும்' என்று பெறுபவரின் முழுப்பெயரோடு எழுத வேண்டும். அதன் கீழ் கையெழுத்து, தேதி. கையெழுத்து முன்பக்கத்தில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். முன்பக்கத்தில் பெயர் பிழையாக இருந்தால், முதலில் அந்தப் பிழையான வடிவிலேயே கையெழுத்திட்டு, அதற்குக் கீழே வழக்கமான கையெழுத்தையும் போட வேண்டும். பிழையைத் திருத்திச் சரியான பெயரை மட்டும் போட்டால், செக் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு மாறும் சங்கிலி அறுந்துவிடும். பெற்றுக்கொண்டவர் தன் கணக்கு எண்ணைக் கீழே எழுதி, தன் வங்கியில் போடுவார்.

தொகையில் பாதியை மட்டும் மாற்ற முடியாது. 20,000 ரூபாய் செக்கில் '12,000 மட்டும் இவருக்கு' என்று எழுதினால் அந்த மேலெழுத்து செல்லாது.

கைரேகை வைப்பவராக இருந்தால், ரேகைக்குப் பக்கத்தில் அது யாருடையது என்று எழுதி, வங்கிக்குத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். மை பரவாமல், கோடுகள் தெரியும்படி ஒரே அழுத்தமாக வைத்து எடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: மேலெழுதிக் கொடுத்தவர் அதோடு விடுபடுவதில்லை. செக் பணமில்லாமல் திரும்பினால், வாங்கியவர் உங்களிடம் கேட்கலாம். கடன் தீர்ந்தது என்று நினைத்துக் கொடுத்த செக், கடனாகவே திரும்பி வரும். 'என் மீது பொறுப்பின்றி' என்று சேர்த்து எழுதினால் அந்தப் பொறுப்பு விலகும். ஆனால் அப்படி எழுதிய செக்கை எதிராளி வாங்கத் தயங்குவார்.

2025 நவம்பர் 5, காலை 8.15 | மண்டபத்தார்

நேற்றையதோடு இதையும் சேர்க்க வேண்டும். செக்கின் பின்னால் இடமில்லை என்றால் தனித்தாளை ஒட்டி அதில் மேலெழுதலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நடைமுறையில் அதை நம்பாதீர்கள். இப்போது செக் காகிதமாக ஊர் ஊராகப் போவதில்லை. நீங்கள் போட்ட வங்கியிலேயே நின்றுவிடும், அதன் படம் மட்டும்தான் எழுதியவரின் வங்கிக்குப் போகிறது. ஒட்டிய தாள் வருடியில் (ஸ்கேனரில்) சிக்கும், அல்லது படத்தில் வராது. அதற்குமேல், சட்டம் அனுமதித்தாலும் பல கிளைகள் மூன்றாமவர் மேலெழுத்து உள்ள செக்கை வாங்கத் தயங்குகின்றன, புதிய கணக்கு என்றால் இன்னும் அதிகமாக. புதிதாக ஒரு செக்கைச் சரியான பெயரில் எழுதி வாங்க முடியுமானால் மேலெழுத்தே வேண்டாம் என்பதுதான் என் முடிவான கருத்து.

2025 நவம்பர் 5, பகல் 1.40 | ஏர்வாடி வாசகர்

செக்கில் பெயர் 'முனியாண்டி காளிமுத்து', பாஸ்புக்கில் 'மு. காளிமுத்து'. திருப்பி அனுப்புவார்களா?

2025 நவம்பர் 5, மாலை 4.20 | மண்டபத்தார்

நம் பக்கத்தில் அதிகம் வரும் சிக்கல் இதுதான். தலைப்பெழுத்தை விரித்து எழுதியிருப்பது, அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, 'ஷாகுல்' என்றும் 'சாகுல்' என்றும், 'செய்யது' என்றும் 'சையது' என்றும் வருவது. ஒரே ஆள்தான் என்று அடையாள ஆவணத்தில் தெளிவாகத் தெரிந்தால் கிளை பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். முனியாண்டி என்பது அப்பா பெயர் என்று ஆதாரில் இருந்தால் போதும், அதன் நகலோடு போங்கள். வங்கியில் வைத்திருக்கும் செக் பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுங்கள், சந்தேகம் அங்கேயே தீரும். அப்பா பெயரே வேறு, அல்லது இரண்டு பேர் பெயர் எழுதியிருக்கிறது என்றால் வேறு கதை. 'இன்னாரும் இன்னாரும்' என்று எழுதிய செக் இருவர் பெயரும் உள்ள கணக்கில்தான் போக வேண்டும்.

பெயரை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். 2010 டிசம்பர் 1 முதல் அது செல்லாது. தேதி நீங்கலாக, பெயரிலோ தொகையிலோ எந்தத் திருத்தம் இருந்தாலும் படத்தை அனுப்பிப் பணம் வசூலிக்கும் இந்த முறையில் செக் திரும்பும், திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து இருந்தாலும். புதுச் செக்தான் வழி.

மகளிர் குழுவின் பெயரில் வரும் செக் குழுக் கணக்கில் மட்டும். தலைவி பெயரில் போட முடியாது.

2025 நவம்பர் 6, காலை 9.00 | மண்டபத்தார்

செலானைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் தாமதங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு பகுதியிலும் எழுத வேண்டும், வங்கி வைத்துக்கொள்ளும் பகுதியிலும் உங்கள் அடிக்கட்டையிலும். தேதி, கணக்கு எண், பெயர், செக் எண், செக் எந்த வங்கி எந்தக் கிளை, தொகை எண்ணிலும் எழுத்திலும். செக் எண் என்பது அடியில் உள்ள வெள்ளைப் பட்டையில் இடமிருந்து முதலாவதாக வரும் 6 இலக்கம். அடுத்து வரும் 9 இலக்கம் ஊர், வங்கி, கிளை ஆகியவற்றுக்கு மும்மூன்றாக. அதைச் செக் எண் என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்த வெள்ளைப் பட்டையில் எதையும் எழுதக் கூடாது. முத்திரை, கையெழுத்தின் வால், மடிப்பு எதுவும் அங்கே படக் கூடாது. அந்த எண்கள் காந்த மையில் அச்சிட்டவை, எந்திரம் படிப்பது அந்த வரியைத்தான். ஸ்டேப்ளரும் குண்டூசியும் வேண்டாம். செலானோடு ஜெம் கிளிப் போதும்.

கரையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. செக்கைச் சட்டைப் பையில், மீன் கூடைக்குப் பக்கத்தில், வள்ளத்தில் கொண்டு போகாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் வையுங்கள். நனைந்துவிட்டால் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகத்தை ஏற்றி நிழலில் காயவிடுங்கள். இஸ்திரி போடாதீர்கள். கையெழுத்தோ தொகையோ கசிந்திருந்தால் காயவைத்துப் பயனில்லை. சிதைந்த செக் என்று திரும்பும்.

2025 நவம்பர் 6, காலை 9.50 | மண்டபத்தார்

செக்கைப் பெட்டியில் போடுவதா, கவுண்டரில் கொடுப்பதா என்றால், கவுண்டர்தான். எந்தக் கிளையும் கவுண்டரில் கொடுக்கும் செக்குக்கு ஒப்புகை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பெட்டியில் போட்டால் கையில் முத்திரை இல்லாத அடிக்கட்டைதான் மிஞ்சும். அலுவலர் 'பெட்டியில போடுங்க' என்றால், பணிவாக, 'அடிக்கட்டையில முத்திரை வேணும்ங்க' என்று கேளுங்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்த உரிமை எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

செக்கின் இரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 6, இரவு 7.15 | தொண்டி வாசகர்

எத்தனை நாளில் பணம் ஏறும்?

2025 நவம்பர் 6, இரவு 9.05 | மண்டபத்தார்

2025 அக்டோபர் 4 முதல் முறை மாறியிருக்கிறது. முன்பு செக்குகளைத் தொகுதி தொகுதியாக அனுப்பி மறுநாள் தீர்ப்பார்கள். இப்போது பகலில், வருடியதும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதியவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும்.

ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் கொடுத்த நேரத்தில் அல்ல, படம் அனுப்பிய நேரத்தில். சில வங்கிகளில் சிறிய கிளை செக்கை வேறு கிளைக்கு அனுப்பி அங்கேதான் வருடுகிறார்கள். பிற்பகலில் கொடுத்தால் மறுநாள்தான். நவம்பர் 8 இரண்டாம் சனி, அடுத்தது ஞாயிறு, விடுமுறை. எனவே பாம்பன் வாசகரே, நாளை வெள்ளி முற்பகலிலேயே கொடுத்துவிடுங்கள்.

2025 நவம்பர் 7, காலை 6.45 | மண்டபத்தார்

செக்கின் ஆயுள் அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதம். 2012 ஏப்ரல் 1-க்கு முன் 6 மாதம் இருந்தது. பழைய கணக்கையே சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தோடு இதை ஒட்டிப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மார்ச் 10 தேதியிட்ட செக்கை, 'தடை முடிஞ்சு படகு இறங்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்' என்று வீட்டுப் பெட்டியில் வைத்தால், படகு இறங்குவதற்குள் அது காலாவதி. மாறாக, ஜூன் 20 என்று பின்தேதியிட்டு வாங்கிய செக்கை ஏப்ரலில் போட்டால் தேதி வரவில்லை என்று திரும்பும். வாங்கும்போதே தேதியைப் படித்துப் பார்த்து, போட வேண்டிய கடைசி நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

2025 நவம்பர் 7, காலை 11.30 | கீழக்கரை வாசகர்

எண்ணில் 45,000, எழுத்தில் நாற்பத்து நான்காயிரம். எது செல்லும்?

2025 நவம்பர் 7, பகல் 12.10 | மண்டபத்தார்

சட்டப்படி எழுத்தில் உள்ளது. நடைமுறையில் செக் திரும்பும். மாற்றி வாங்குங்கள். தமிழில் எழுதிய செக் செல்லுமா என்றும் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். செல்லும். ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி எதிலும் எழுதலாம்.

50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குக்கு 2021 ஜனவரி 1 முதல் 'பாசிட்டிவ் பே' என்ற ஏற்பாடு உண்டு. எழுதியவர் செக் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றைத் தன் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் அதைக் கட்டாயமாக்கலாம். வாங்கும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். பெரிய தொகை என்றால், 'பாங்க்ல பதிஞ்சிட்டீங்களா அண்ணே?' என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

2025 நவம்பர் 8, மாலை 5.20 | ஏர்வாடி வாசகர்

செக் எழுதியபின், போடுவதற்குள் பெயருள்ளவர் இறந்துவிட்டால்? மகன் பின்னால் கையெழுத்துப் போடலாமா?

2025 நவம்பர் 8, இரவு 8.00 | மண்டபத்தார்

போடக் கூடாது. இறந்தவர் பெயருக்கு மகன் கையெழுத்திட்டால் அது போலி. இறந்தவர் முன்பே மேலெழுதி வைத்துவிட்டு யாரிடமும் ஒப்படைக்காமல் போயிருந்தாலும், வாரிசு அதை அப்படியே எடுத்துக் கொடுப்பதால் செல்லாது. இரண்டு வழி உண்டு. செக் எழுதியவரிடம் விவரம் சொல்லி வாரிசு பெயரில் புதிய செக் கேட்பது எளிய வழி. இல்லையென்றால், இறந்தவரின் வங்கியில் நியமனதாரர் (நாமினி) அல்லது உயிரோடிருக்கும் கூட்டுக் கணக்குதாரர், 'காலஞ்சென்ற இன்னாரின் சொத்து' என்ற பெயரில் கணக்கு தொடங்கக் கேட்கலாம். அவர் பெயரில் வர வேண்டியவற்றை அதில் வரவு வைக்க வங்கிகளுக்கு இடமிருக்கிறது. கடலில் ஆளை இழந்த வீட்டில் யாரும் இதைத் தேடி அலையக் கூடாது. தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்து செய்துகொடுங்கள்.

2025 நவம்பர் 10, காலை 10.25 | மண்டபத்தார்

திரும்பிய செக்கைப் பற்றிக் கடைசியாக. வங்கி தரும் திரும்பல் குறிப்பைக் கட்டாயம் வாங்கி வையுங்கள், காரணம் அதில்தான் இருக்கும். கையெழுத்து வேறுபாடு, தேதிக் குறை என்றால் எழுதியவரிடம் பேசிப் புதிய செக் வாங்கலாம். பணமில்லை என்றால், ஆயுள் இருக்கும்வரை மறுபடியும் போடலாம்.

வழக்கு என்று போனால் நாள் கணக்கு தவறக் கூடாது. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அறிவிப்பைப் பெற்ற 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவரிடம் புகார். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். தர வேண்டிய கடனுக்காகக் கொடுத்த செக்காக இருக்க வேண்டும், அன்பளிப்புக்குப் பொருந்தாது.

இன்னொன்று. கம்பெனியின் கணக்கு தூத்துக்குடியிலோ கொச்சியிலோ இருக்கலாம். 2015-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வழக்கு நடப்பது பணம் வாங்க வேண்டியவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்ற எல்லையில். உங்கள் கணக்கு ராமநாதபுரம் கிளையில் இருந்தால் கொச்சிக்கு அலைய வேண்டாம். செக்கைச் சொந்தக் கணக்கில் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஐஸ் கம்பெனிக்காரர் கணக்கில் போட்டு அது திரும்பியிருந்தால், இந்த உரிமை எதுவும் உங்கள் கையில் இருந்திருக்காது.

2025 நவம்பர் 10, பகல் 2.10 | பாம்பன் வாசகர்

வெள்ளிக்கிழமை காலை கவுண்டரில் கொடுத்தோம். மாலையே ஏறிவிட்டது. அடிக்கட்டையில் முத்திரை வாங்கினோம்.